கடல் பிரிவில் நூறு சதவீத வருகை

சிவப்பிரகாசம் கடலுக்குள் குடியிருக்கிறான் என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது அவன் படித்த கல்லூரிதான்.

அதுவரை அவனுக்கே அது தெரியாது. திருவிடந்தை தாண்டி ஓடைக்குப்பத்தில், மொட்டை மாடி போட்ட இரண்டு அறை வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். கரன்ட் கனெக்‌ஷன் இருந்தது. ரேஷன் கார்டு இருந்தது. வாசலில் ஒரு முருங்கை மரம் காய்த்துத் தொங்கியது. கடலில் முருங்கை காய்க்குமா என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேள்வி கேட்கிற நிலைமையில் அவன் இல்லை.

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் அவன் வேலை. எந்த கேப் எந்த ரூட்டில் போகவேண்டும், எந்த டிரைவர் எங்கே தூங்கிவிட்டான் என்பதெல்லாம் விரல்நுனியில். பன்னிரண்டு வருஷமாக எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்த்தவன். திடீரென்று ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்தது: டிகிரி இல்லாதவர்கள் இனி டெஸ்க்கில் உட்காரக் கூடாது. ஏப்ரலுக்குள் சான்றிதழ், இல்லையென்றால் மே மாதம் வேலை இல்லை.

ஆகவேதான் அகிலாண்ட இணையவழிக் கல்லூரி. தலைமையகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மண்டல அலுவலகம் செங்கல்பட்டில். கல்லூரியின் முத்திரையில் ஒரு பூமி உருண்டை, அதைச் சுற்றி ஒரு சங்கிலி, கீழே ஒரு வாசகம்: ‘சேர்ந்தவர் எவரும் விலகியதில்லை.’

எல்லாத் தாளும் தேறிவிட்டான். மிச்சம் ஒன்றே ஒன்று. உலக வட்டாரப் புவியியல்.

அதன் முதல் பயிற்சி எளிமையானது. கல்லூரி வரைபடத்தில் உங்கள் வட்டாரத்தைத் தொட்டுக் காட்டுக. சிவப்பிரகாசம் வரைபடத்தைப் பெரிதாக்கினான். ஈ.சி.ஆர். சாலை தெரிந்தது. சாலைக்குக் கிழக்கே ஒரே நீலம். கோயில் இல்லை, குப்பம் இல்லை, முருங்கை இல்லை. வீடு இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தான்.

‘நீங்கள் கடலில் இருக்கிறீர்கள். நன்றி. கடல் பிரிவில் சேர்க்கப்பட்டீர்கள்.’

உதவி எண்ணுக்கு போன் போட்டான். எடுத்தவள் பெயர் பிரதீபா. பதவி, மாணவர் மகிழ்ச்சி அலுவலர்.

“மேடம், எங்க வீடு தரையிலதான் இருக்கு.”

“உங்க உணர்வு புரியுது சார். ஆனா சிஸ்டத்துல ப்ளூவா காட்டுதே.”

“நான் இப்ப வீட்டுக்குள்ள உக்காந்துதான் பேசறேன்.”

“அப்ப கடல்ல சிக்னல் நல்லா இருக்குன்னு நோட் பண்ணிக்கறேன் சார். வேற ஏதாவது மகிழ்ச்சி வேணுமா?”

விஷயத்தைக் கேட்டதும் அவன் மனைவி அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அந்தக் குப்பத்துக்காரி. அவன்தான் திண்டுக்கல்லிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவன்.

“இன்னாய்யா கதை இது? எங்க நைனா செங்கல் செங்கல்லா பாத்துக் கட்ன வூடு. அது தண்ணியில கீதுன்றானா அந்த படிச்ச மன்சன்?”

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவள் சிரிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. முதல் வகுப்பு.

வகுப்பு என்றால் ஆசிரியர் கிடையாது. பதிவு செய்த ஒரு குரல். அந்தக் குரல் முதலில் வருகைப் பதிவு எடுக்கும். பிறகு உலகத்தைப் பற்றிப் பேசும். ஒவ்வொரு பெயருக்கும் போனில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். ‘ஆஜர்’ என்று எழுத்து விழும்.

சிவப்பிரகாசம் போனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்திருந்தான். பின்பக்கம் அம்சா அருவாமனையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சிவப்பிரகாசம்.” டிங்.

“தாவீது.” டிங்.

“சீனு.”

டிங்.

அருவாமனைச் சத்தம் நின்றது.

சீனு, அம்சாவின் தம்பி. மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு ஐப்பசிக் காலையில் ஃபைபர் போட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். போட்டை மட்டும் மறுநாள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை. ‘ஒடம்பக் கண்ணால பாக்காம எவனும் எந்தம்பிக்குக் காரியம் பண்ணக் கூடாது’ என்று அம்சா வாசலை மறித்து நின்றாள். இன்றுவரை பண்ணவில்லை. படத்துக்கு மாலைகூடப் போடவில்லை.

“வேற யாராவது சீனுவா இருக்கும் அம்சா. ஊர்ல ஆயிரம் சீனு.”

அவள் மீன் கையோடு வந்து போனை எடுத்தாள். பெயரைத் தொட்டாள். படம் விரிந்தது. மாமல்லபுரத்தில் பைக்மேல் சாய்ந்து, கூலிங் கிளாஸும் பனியனுமாக, பல்லெல்லாம் தெரிய அவன். பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இப்போது இணைப்பில் இருக்கிறார்.

“மாமா மாதிரி நானும் ஏசி ரூம்ல வேலைக்குப் போவணும்னு சொல்லிகினு இருந்தானே... போன்ல காலேஜு சேந்திருக்கேன்க்கான்னு...” என்றாள் அம்சா. “போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு இடுப்புல கட்டிகினுதான்யா போனான்.”

குரல் மற்ற பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் டிங்.

“இது பூவாயி மவன். புயல்ல போனவன்... அந்த தாவீது, தெற்குக் குப்பத்துப் பையன். வலையில கால் மாட்டி...” அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. போனைக் கீழே வைத்தாள்.

வைத்த இடத்தில் ஈரம் பரவியது. மீன் கை ஈரம் என்றுதான் சிவப்பிரகாசம் நினைத்தான். துடைத்து, விரலை வாயில் வைத்துப் பார்த்தான். உப்பு.

*

செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே, ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. அறையின் நடுவில் இடுப்புயரப் பூமி உருண்டை, உள்ளே பல்பு. மண்டல ஒருங்கிணைப்பாளர் முனைவர் ஹரிகிருஷ்ணன் அதை ஸ்டூலாகவும் மேஜை விளக்காகவும் பயன்படுத்திவந்தார். அன்று அவருடைய டிபன் பாக்ஸ் வட துருவத்தில் இருந்தது.

“வாங்க. நீங்கதான் எங்களுடைய கடல் மாணவரா? பார்க்க ரொம்ப உலர்ந்திருக்கீங்களே!”

“சார், என்னைத் தரைப் பிரிவுக்கு மாத்திடுங்க. உங்க மேப் தப்பா இருக்கு.”

ஹரிகிருஷ்ணன் பரிவோடு சிரித்தார். “தம்பி, உலகத்தையே படிக்க வந்தவனுக்கு ஒரு அரைக் கிலோமீட்டர் பெரிசா? நாங்க உலகத்தை ஏழு வட்டாரமாப் பிரிச்சோம். எதிலும் சேராததை எல்லாம் கடல்னு வெச்சோம். சுத்தமா வேலை முடிஞ்சுது.”

“சரி சார். ஆனா அந்தப் பிரிவுல இருக்கறவங்க... அவங்க யாரும் உயிரோட இல்ல சார்.”

உருண்டைக்குள் பல்பு மட்டும் ‘ங்ங்’ என்றது. இவ்வளவு பெரிய சேதியைக் கேட்டு ஒரு கல்லூரி அதிகாரி என்ன செய்வார்? ஹரிகிருஷ்ணன் டிபன் பாக்ஸை மூடினார்.

“அது சுகாதாரத் துறை பார்க்கவேண்டிய விஷயம். எனக்குக் கல்வித் தரம் முக்கியம். கேளுங்க. தரையில இருக்கற மாணவன் என்ன பண்றான்? நெட் போச்சுங்கறான். பாட்டிக்கு உடம்பு சரியில்லைங்கறான். சந்தேகம் கேக்கறான். என் முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், கல்விக்கு ஒரே எதிரி மாணவனுடைய சந்தேகம். கடல் பிரிவைப் பாருங்க. ஒரு சந்தேகம் உண்டா? ஒரு புகார் உண்டா? நூறு சதவீத வருகை! தர மதிப்பீட்டுக் குழு வந்தப்ப இந்தப் பிரிவைத்தான் காட்டினோம். தலைவர் கண் கலங்கிட்டார். ‘எல்லா மாணவர்களும் இப்படி ஆனா நாடு எங்கேயோ போயிடும்’னார்.”

“நாடு அங்கதான் சார் போகும்” என்று சொல்ல சிவப்பிரகாசத்துக்கு நாக்கு வரைக்கும் வந்தது. வேலை ஞாபகம் வந்து முழுங்கினான்.

“தரைக்கு மாத்தறதுல ஒண்ணும் சிரமமில்ல” என்றார் ஹரிகிருஷ்ணன். “ஆனா வருஷத்தை முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இங்கேயே இருந்தா உங்களுக்குப் பாக்கி ஒரே பயிற்சி. ‘எனது வட்டாரம்’னு ஒரு பதிவு எழுதணும். சக மாணவர் ஒருத்தர் அதுக்குப் பதில் எழுதணும். நீங்களும் ஒருத்தருக்கு எழுதணும். முடிஞ்சா பாஸ். எது வேணும்?”

மே மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒரு நொடி கண்முன் வந்து போனது.

“இங்கேயே இருக்கேன் சார்” என்றான் சிவப்பிரகாசம்.

*

எழுதினான். ‘எங்கள் வட்டாரம் வெப்பமானது. மணற்பாங்கான நிலம். கிழக்கே கடல் உள்ளது. மக்களின் தொழில் மீன்பிடித்தல், மனை வியாபாரம், வேலைக்கு கேப்பில் போதல்.’ பதிவை ஏற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.

திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது.

‘மாமா, நல்லா எழுதிகீற. ஆனா கெழக்க கடல்னு போட்டுகீற. இங்கேந்து பாத்தா நீங்கதான் மேற்கால கீறீங்க. மொட்ட மாடியில அக்கா போட்ட செவப்பு பொடவ தெரியுது. மழ வருது. எடுக்கச் சொல்லு.’

வானம் வெள்ளை வெளேரென்றிருந்தது. பங்குனி வெயில். சிவப்பிரகாசம் படியேறினான். கொடியில் ஒரே ஒரு சிவப்புப் புடவை, போன தீபாவளிக்கு எடுத்தது. சீனு போனபிறகு வாங்கியது. அவன் அதைப் பார்த்ததே இல்லை.

புடவையைத் தொட்டான். அவன் புறங்கையில் முதல் துளி விழுந்தது.

அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தது. அம்சா அந்தப் புடவையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே கடலைப் பார்த்து நின்றாள். “டேய்! எடுத்துட்டேன்டா!” என்று ஒருதரம் கத்தினாள். அலைச்சத்தம்தான் இருந்தது.

சாயங்காலமே கல்லூரியிலிருந்து சேதி வந்தது. மாணவர் சீனு எழுதிய பதிலில் ஒழுங்கீனங்கள் காணப்படுகின்றன. நெறிமுறைக் குழு விசாரிக்கும். மாணவர் கேமராவோடு ஆஜராக வேண்டும். தவறினால் அவர் எழுதிய பதில் செல்லாது.

பதில் செல்லாது என்றால் சிவப்பிரகாசம் பெயில்.

*

விசாரணையன்று அம்சாவும் கூடவே கிளம்பினாள். சிவப்புப் புடவை கட்டியிருந்தாள்.

செங்கல்பட்டு அலுவலகச் சுவரில் பெரிய டி.வி. முன்னால் ஹரிகிருஷ்ணன். ஓரத்தில் பிரதீபா, லேப்டாப்பில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள.

“விசாரணை தொடங்குகிறது” என்று மேடைத் தமிழுக்கு மாறினார் ஹரிகிருஷ்ணன். “மாணவர் சீனு, கேமராவை இயக்கவும்.”

திரை கருப்பாகவே இருந்தது. பிறகு கருப்பு மெல்ல வெளுத்தது. பச்சை. பாசி படிந்த, கலங்கலான பச்சை. மேலேயிருந்து வெளிச்சம் உடைந்து உடைந்து இறங்கியது. எங்கோ ஆழத்தில் ஒரு பனியன் துணி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

சிவப்பிரகாசம் அம்சாவின் கையைப் பிடித்தான்.

ஹரிகிருஷ்ணன் முகம் சுளித்தார். “செயற்கைப் பின்னணி வைக்கக் கூடாது என்பது விதி. வெற்றுச் சுவருக்கு எதிரே அமரவும்.”

திரையின் குறுக்கே ஒரு சின்ன மீன் போனது.

“வளர்ப்புப் பிராணிகளுக்கும் அனுமதி இல்லை. பிரதீபா, குறிச்சுக்கோங்க.”

குறித்துக்கொண்டாள்.

“முதல் குற்றம், சக மாணவரை ‘மாமா’ என்று அழைத்தது. இரண்டாவது, மழை வரும் என்று சொன்னது. வானிலை நம் துறையே அல்ல, இது அத்துமீறல். மூன்றாவதுதான் கடுமையானது.” குரலைத் தாழ்த்தினார். “புடவை சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நூலில் உள்ளது? ஆசிரியர் யார்? பக்க எண் என்ன?”

பச்சைக்குள்ளிருந்து சில குமிழிகள் ஏறின.

“நான்தான்யா ஆதாரம்!” அம்சா எழுந்துவிட்டாள். “என் பொடவ. கண்ணு தெரியல உனுக்கு? இதோ கட்டிகினு நிக்கிறேன், பாரு!”

“வெளியாட்கள் பேசக் கூடாது.”

“எவன்யா வெளியாளு? எந்தம்பிய உள்ள வெச்சிகினு என்னிய வெளியாளுன்றியா?”

விடுவிடுவென்று டி.வி.யிடம் போனாள். திரையில் உள்ளங்கையை வைத்தாள்.

“சீனு... சாப்ட்டியாடா?”

டிங். ‘ஆஜர்.’

“குளுருதாடா?”

டிங். ‘ஆஜர்.’

“ஏன்டா இப்டி ஒரே வார்த்தைய சொல்ற? அக்காடா. ஏதாவது பேசுடா!”

“விசாரணை நேரத்தில் மாணவர்களுக்கு அந்த ஒரு பொத்தான்தான் வேலை செய்யும்” என்று பிரதீபா மெல்லிய குரலில் விளக்கினாள். “வீண்பேச்சைத் தடுக்க.”

டிங். ‘ஆஜர்.’ டிங். ‘ஆஜர்.’ டிங்.

“பார்த்தீர்களா?” ஹரிகிருஷ்ணன் சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் பெருமிதம். “இதுதான் ஒழுக்கம்.”

டி.வி.க்குக் கீழே சுவரில் ஒரு கோடு போலத் தண்ணீர் இறங்கியது. தரையில் பரவி, பூமி உருண்டையைச் சுற்றி வளைத்து, ஹரிகிருஷ்ணனின் ஷூவைத் தொட்டது. பிரதீபா தன் ஹேண்ட்பேக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏ.சி. ஒழுகுகிறது. மெயின்டனன்ஸுக்கு எழுதுங்க” என்றார் ஹரிகிருஷ்ணன்.

அந்த அறையில் மின்விசிறி மட்டும்தான் இருந்தது.

தீர்ப்பு வந்தது. நூறு சதவீத வருகையைக் கருதி, எச்சரிக்கையோடு மாணவர் சீனு விடுவிக்கப்படுகிறார். அவர் எழுதிய பதில் செல்லும்.

மாடிப்படி வரை பிரதீபா கூட வந்தாள். “சார், இனி நீங்க அவருக்கு ஒரு பதில் எழுதிட்டா முடிஞ்சுது. உங்களுக்கும் பாஸ், அவருக்கும் பாஸ். மூணு வருஷமா யாருமே அவர் பதிவுக்குப் பதில் எழுதல. அதான் அவர் படிப்பு முடியாம நிக்குது. படிப்பு முடியாம யாரையும் நாங்க வெளிய விடறதில்ல.”

“முடிச்சிட்டா?” என்றாள் அம்சா.

“கணக்கை மூடிடுவோம். பேரு போயிடும்.”

“பேரு போயிட்டா அவன் எங்கம்மா போவான்?”

பிரதீபா யோசித்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பொத்தான் இல்லை. “முன்னாள் மாணவர் ஆயிடுவார்” என்றாள்.

*

ஏப்ரல் கடைசி வாரம். சிவப்பிரகாசம் பதில் எழுதவில்லை. எழுதவிடவில்லை அம்சா.

“இன்னும் ஒரு ஞாயித்துக்கெழமைய்யா. ஒரே ஒரு தபா அந்த டிங்கு கேட்டுக்கறேன்.”

அவனும் வற்புறுத்தவில்லை. டெஸ்க்கில் அவன் நாற்காலியைப் பார்க்கப் புதிதாக ஒரு டிகிரிக்காரன் வந்து போனான். உட்கார்ந்து சுற்றிக்கூடப் பார்த்தான். வீட்டில் போனின் சார்ஜ் போடும் ஓட்டை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ரிப்பேர் கடைக்காரன் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்த, போனைக் கருவாட்டுக்குப் போட்டியா?” என்றான்.

கடைசி ஞாயிறு. வருகைப் பதிவு.

“சீனு.”

டிங் வரவில்லை. குரல் பொறுமையாக மறுபடி கூப்பிட்டது. “சீனு.” வெகுநேரம் கழித்து, ரொம்ப தூரத்திலிருந்து களைத்துப்போய் வருவதுபோல், டிங்.

சின்ன வயதில் ஜுரத்தோடு பள்ளிக்கூடம் போய்விட்டு வருவானாம். வந்ததும் அவள் மடியில் பையோடு விழுவானாம். அந்த மாதிரி இருந்தது என்றாள்.

“அவன் இன்னா எழுதி வெச்சிகீறான்? அதக் காட்டு.”

இத்தனை நாளாக அவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை. பயம். சிவப்பிரகாசம் தொட்டான். ‘எனது வட்டாரம்’, சீனு. அந்த ஐப்பசிக் காலையில், போட்டில் உட்கார்ந்து எழுதியது.

‘எங்க வட்டாரம் ஓடைக்குப்பம். மேற்கால பாத்தா எங்க வூட்டு முருங்கமரம் தெரியும். அது தெரியற வரைக்கும் நான் எங்க கீறேன்னு எனக்குத் தெரியும். காத்து மாறுது. மீதிய கரைக்கு வந்து எழுதறேன்.’

அவ்வளவுதான்.

அம்சா அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம், “மூணு வருசமா ஆஜர் சொல்லிகினே, மீதிய எழுதணும்னு ஒக்காந்துகினு கீறான்யா” என்றாள். அழவில்லை. “அவனுக்கு யாரும் போதும்னு சொல்லல.”

போனை வாங்கிக்கொண்டாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

‘சீனு, நல்லா எழுதிகீறடா. மீதி வாணாம். பொடவய எடுத்துட்டேன். முருங்கமரம் இருக்குது. நீ போ.’

அனுப்பினாள்.

பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் அப்படியே எரிந்தது. பிறகு அணைந்தது. திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் சிதறின. ‘பாராட்டுகள்! நீங்களும் உங்கள் சக மாணவரும் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்!’

சிவப்பிரகாசம் பட்டதாரியானான். நாற்காலி தப்பியது.

“காரியத்துக்குச் சொல்லிடுய்யா” என்றாள் அம்சா. ஆணியில் மாட்டியிருந்த தம்பியின் படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்தாள்.

*

மறுநாள் காலை. சிவப்பிரகாசம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். கரையில் போட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐலசாச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவன் போன் ஒலித்தது. டிங்.

அடுத்த நொடி பக்கத்து வீட்டில் ஒரு டிங். எதிர்வீட்டில். கரையில், போட்டைத் தள்ளிக்கொண்டிருந்த ஒவ்வொருவன் இடுப்பிலும், பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து, வரிசையாக டிங், டிங், டிங்.

சிவப்பிரகாசம் படித்தான்.

‘நல்வாய்ப்பு! அகிலாண்ட இணையவழிக் கல்லூரியின் புகழ்பெற்ற கடல் பிரிவில் இருவர் தேர்ச்சி பெற்றதால் இரண்டு இடங்கள் காலி. விண்ணப்பம் தேவையில்லை. இடங்கள் இன்றே நிரப்பப்படும்.’

எட்டிப் பார்த்த அம்சா படத்தை அப்படியே போட்டுவிட்டு மணலில் ஓடினாள். “எறங்காதீங்கடா! டேய், எவனும் எறங்காதீங்கடா!”

சத்தம் நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். பூவாயி மவன் கதையும் தாவீது கதையும் சீனு விசாரணையும் ஏற்கெனவே குப்பம் முழுக்கப் பரவியிருந்தது. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று தோதாக இருந்தது. நல்ல மீன்பாடு கிடைக்கும் நாள்.

அன்றைக்கு ஓடைக்குப்பத்திலிருந்து ஒரு போட்டும் இறங்கவில்லை.